மீதி ஐந்தடி

ஒரு ரப்பர் மரத்துக்கும் அடுத்ததுக்கும்
இடையில் பதினைந்தடி.
டப்பாவின் வயிற்றில் எழுதியிருக்கிறது
பத்தடி வரை பாயும் என்று.
மீதி ஐந்தடிக்கு
யாரிடம் போய் நிற்பது?

தாசையன் சிரிக்கிறார்.
அவரிடம் இரட்டைக்குழல் இருக்கிறது,
லைசென்ஸ் இருக்கிறது.
"இது அந்தப் பாறை வரைக்கும் எட்டும், கேட்டியா ரோஸ்லெட்.
நீ மிளகுத்தண்ணி தெளிச்சு
கரடிக்கு ரசமா வைக்கப் போற?"

எட்டும்தான்.
போன ஆனிச் சாரலில் பன்னிரண்டாம் பிளாக்கில் சுட்டார்.
கீரிப்பாறை மலை ஒருமுறை எழுந்து உட்கார்ந்தது.
குண்டு கரடியின் தாடையில் பட்டது.
கரடி சாகவில்லை.
மூன்றாம் நாள் இருட்டில்
அந்தத் தாடையோடுதான்
பால்வெட்டப் போன செல்லக்கண்ணின் முன்னால் வந்தது.
ஆசாரிப்பள்ளத்தில் நாற்பத்தொரு தையல்.
ஃபாரஸ்ட்காரர்கள் வந்து விசாரித்தபோது
எங்களில் ஒருவருக்கும்
எந்தச் சத்தமும் கேட்டிருக்கவில்லை.

டப்பா ஜினிஷா வாங்கியது,
கோயம்புத்தூரில், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து
பஸ்ஸில் வருகிறவளுக்காக.
டப்பாவின் மேலே
குதிகால் செருப்புப் போட்ட ஒருத்தியின் படம்.
"எனக்கு எதுக்கும்மா, உனக்குத்தான் ஆவும்" என்று
கிறிஸ்மஸுக்கு வந்தபோது விட்டுவிட்டுப் போனாள்.

கொல்லையில் வாழைமூட்டைப் பார்த்து
ஒருதரம் அடித்துப் பார்த்தேன்.
காளிகேசம் இடுக்கிலிருந்து இறங்குகிற காற்று
அதை அப்படியே மடக்கி
என் முகத்தில் திருப்பிக் கொடுத்தது.
நான், கோழி, அடுத்த வீட்டு ஆடு,
கட்டிலில் கிடந்த இவர்,
எல்லாரும் அழுதோம்.
இவர் என் அப்பன்வழியை ஏழு தலைமுறை திட்டினார்.
சாயங்காலம் எல்லாருக்கும் கண் திரும்பி வந்தது.
மறுநாளும் கோழி முட்டையிட்டது.
செல்லக்கண்ணுக்கு இடது கண்
இன்னும் வரவில்லை.

சித்திரையில் தேர்தல்.
துப்பாக்கி எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்தாயிற்று.
அந்த மாதம்தான் அயினி பழுக்கிறது,
அந்த மாதம்தான் அதுகள் கீழே இறங்குகின்றன.
தாசையன் காலையில் டார்ச் மட்டும் எடுத்துக்கொண்டு
எனக்குப் பின்னால் நடந்தார்.
பிறகு வயிறு சரியில்லை என்று
லைனுக்குத் திரும்பிவிட்டார்.

நூற்றுப்பதினாறாம் மரம் வரை வெட்டியாயிற்று.
சிரட்டைகளில் பால் சொட்டுகிற சத்தம்.
அதற்குள்ளே வேறொரு சத்தம்:
அடைத்த குழாயை
யாரோ வாய்வைத்து உறிஞ்சுவதுபோல.
ஹெட்லைட்டைத் தாழ்த்தினேன்.
புற்றுக்குள் மூக்கு.
முதுகில், மயிரைப் பிடித்தபடி
ஒரு குட்டி.

டப்பா கையில் இருந்தது.
கட்டைவிரல் சிவப்பு விசையில்.
இடுப்பில் கட்டிய கொசுவர்த்தியைப் பார்த்தேன்.
புகை எனக்குப் பின்னால் போனது.
அமுக்கினால் எனக்குத்தான்.

ஒரு மரம். காத்திருந்தேன்.
இன்னொரு மரம்.
சருகு இல்லாத இடமாகப் பார்த்து
கால் வைத்து வைத்து
அதைச் சுற்றி அரைவட்டம் போனேன்.
புகை மெல்லத் திரும்பி
அதன் பக்கம் போகும் வரைக்கும்.

தலை தூக்கியது.
அமோனியா, ரப்பர்ப்பால், தேங்காயெண்ணெய்,
நேற்றைய மீன்குழம்பு, பயம்,
எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மோந்தது.
பின்காலில் எழுந்து நின்றது.
குட்டி சரிந்து
கழுத்துமயிரைப் பிடித்துக்கொண்டது.

எங்களுக்கு இடையில் ஒரே ஒரு இடைவெளி,
ஒரு மரத்துக்கும் அடுத்ததுக்கும்.
பத்தடி என்னுடையது.
அந்த ஐந்தடியை
அது நடக்கவில்லை.
ஓடையைத் தாண்டி
முணுமுணுத்துக்கொண்டே போனது,
சம்பளம் குறைந்த ஆள் போல.

நடந்திருந்தால்
அமுக்கியிருப்பேனா, தெரியாது.
தாசையன் கேட்டதற்கு
அமுக்கினேன் என்றுதான் சொன்னேன்.

அன்றைக்கு நூற்றுப்பதினேழாம் மரத்தை நான் வெட்டவில்லை.

தேர்தல் முடிந்து துப்பாக்கி வந்துவிட்டது.
எண்ணெய் போட்டுத் துடைக்கிறார்.
துடைத்துக்கொண்டே,
டப்பா என்ன விலை என்கிறார்,
வீட்டுக்காரிக்காம்.

காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறேன்.
பாதிக்குமேல் இருக்கிறது.
அடியில் அச்சடித்த தேதி தாண்டி நாலு மாதம்.
ஜினிஷாவிடம் சொன்னால்
புதுசு அனுப்புவாள்.
சொன்னால்
ஏன் என்று கேட்பாள்.